பிரிசில்லா கையின் அளவு

முதல் வளையல் விரல் முட்டியில் வந்து நின்றுவிட்டது.

நான் சிரித்துக்கொண்டேதான் தள்ளினேன். போகவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நாலு விரலையும் கூம்பாகச் சேர்த்துப் பிடித்து இன்னொரு தரம் தள்ளினேன். அப்போதும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சிட்லபாக்கத்தில் எலிசபெத் டீச்சர் வீட்டு ஹால் அது. டீச்சருக்கு ஒரே மகள், பிரிசில்லா. அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். சந்தனமும் மல்லிகையும் உள்ளேயிருந்து வந்த புளிசாத வாசனையும் சேர்ந்து ஹாலே கனத்துக் கிடந்தது. சுற்றி முப்பது பெண்களாவது இருப்பார்கள். எல்லார் கண்ணும் என் கையில்.

அந்த வளையல் நான் செய்தது. மாம்பழ மஞ்சளும் அரக்கும் பட்டு நூல் சுற்றி, விளிம்பில் மணிச்சரம் ஒட்டி, நடுவில் வெள்ளைக் கல் வைத்து, கைக்கு ஏழு. முதல் வளையலை நான்தான் போடுவேன் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுவது என் வழக்கம். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"இன்னா ஆயா, பொறக்கப்போற கொழந்தைக்கு அளவு எடுத்துட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது எனக்குத்தான் தெரியும்.

கண்ணாடி வளையல் என்றால் சோப்புத் தண்ணீர் தடவலாம். பட்டு நூலில் ஈரம் படக்கூடாது, பசை விட்டுக்கொள்ளும். ஒரு பாலிதீன் கவர் கேட்டு வாங்கி, அதை அவள் வலது கைக்கு உறை மாதிரி மாட்டி, அதன்மேல் வளையலை ஏற்றினேன். ஒன்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பாதி வரும்போது, "வலிக்குது ஆயா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எடுத்துவிட்டேன்.

"சரி விடுங்க, இந்தக் கைக்குக் கண்ணாடி வளையல் போடலாம்" என்று இடது கையைக் காட்டினார் டீச்சர். நான் சொல்லியிருந்த அளவில் அவரே கடையிலிருந்து வாங்கி வைத்திருந்தது. ஏற்றினேன். முட்டி தாண்டுகிற நேரம் டிக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க சகுனமெல்லாம் பார்க்கிறதில்ல" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுக் குனிந்து, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வேலைக்கு வருகிற பெண் துடைப்பம் எடுத்து வந்தும் விடவில்லை.

மிச்ச வளையல்களைத் தட்டோடு பிரிசில்லா மடியில் வைத்து, ஒரு பாட்டைப் பாடி, ஒருவழியாக முடித்தார்கள். அந்தத் தட்டிலிருந்து என் வளையல்களை நான் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தப்பு என்னுது இல்ல டீச்சர்" என்றேன் கிளம்பும்போது. வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வாயில் வந்தது அதுதான்.

"சாப்பிட்டுட்டுப் போங்க கன்னியம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சாப்பிடவில்லை.

அமுக்கிப் பார்க்கிற வேலை

நான் மூன்றாம் கிளாஸ் தாண்டாதவள் என்பது பத்திரிகையில் வருகிற இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பத்திரிகை ஆபீசில் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் கை அளவு விஷயத்தில் என்னை யாரும் திருத்தியது கிடையாது. திருத்த விட்டதும் கிடையாது.

கல்யாணமான புதிதில் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு வளையல் கடையில் வேலைக்கு நின்றேன். வருகிற பெண்களில் பாதிப்பேருக்குத் தங்கள் அளவு தெரியாது. கடைக்காரர் அதற்கு ஒரு மர அளவுகோல் வைத்திருந்தார், போட்டிருக்கிற வளையலைக் கழற்றி மாட்டி அளவு பார்க்க, அடியில் பருத்து மேலே சிறுத்துப் போகிற கட்டை. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. கையைப் பிடிப்பேன். ஆட்காட்டி விரல் முட்டியையும் சுண்டுவிரல் முட்டியையும் இரண்டு பக்கமும் வைத்து ஒரு அமுக்கு. எலும்பு எவ்வளவு இணங்குகிறது, சதை எவ்வளவு ஒதுங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். சில கை பார்க்கப் பெரிசாக இருக்கும், அமுக்கினால் பூனைக்குட்டி மாதிரி சுருங்கிக் கொடுக்கும். சில கை குச்சி மாதிரி இருக்கும், ஒரு நூல் கூட இணங்காது.

ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு, ரெண்டு பத்து. வளையல் அளவு இப்படித்தான் ஏறும். பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத கணக்கெல்லாம் இதில் வந்தது.

ஒருநாள் கூட்டமில்லாத மத்தியானம், கடைக்காரர் மனைவி என் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு கையாகக் கொடுத்துப் பார்த்தாள். நாலு கைக்கும் சரியாகச் சொன்னேன். ஐந்தாவதை அமுக்கிவிட்டு, "ரெண்டு பன்னண்டு, இந்தக் கைக்கு மீசை இருக்கு" என்றேன். புருஷன் கையை இழுத்து என்னிடம் கொடுத்திருந்தாள். அந்தக் கடையே குலுங்கியது. அவர் அரை நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு எக்ஸ்போர்ட் கம்பெனி, அப்புறம் வீட்டிலேயே தையல் மெஷின். முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது மெஷின் முழுகிப் போயிற்று. சேற்றைக் கழுவிக் காயவைத்தும் பழையபடி ஓடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு மருமகள் தேவி போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு பெண் பிளாஸ்டிக் வளையத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இது உங்க கைக்கு வரும்" என்றாள்.

வந்தது. தேவிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று எழுதச் சொல்லி அவளே பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

நூல் தின்கிற இடம்

பட்டு நூல் வளையலில் ஒரு சங்கதி உண்டு. இருபது இழை சேர்த்துப் பட்டையாக்கி, பசை தடவி, வளையத்தைச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். ஒரு இழை முறுக்கிக்கொண்டாலும் வெளிச்சத்தில் தழும்பு மாதிரி காட்டும். சுற்றி முடித்தால் உள்பக்கமும் கொஞ்சம் பருத்துவிடும், அந்த இடத்தை நூல் தின்றுவிடும். அதனால் ரெண்டு ஆறு வளையல் வேண்டுமென்றால் ரெண்டு எட்டு வளையம் எடுத்துச் சுற்றவேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி அது.

நானும் விழுந்துவிட்டேனா?

சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து, சப்வேயில் நடந்து மேற்குப் பக்கம் ஏறி, முடிச்சூர் பஸ்ஸில் உட்கார்ந்த வரைக்கும் இதுதான் மனசில். மடியில் வளையல் பை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தேவி வாங்கி வைத்திருந்த மர அளவுகோலை எடுத்தேன். மிச்சம் இருந்த பன்னிரண்டு வளையலையும் ஒவ்வொன்றாக அதில் போட்டேன். பன்னிரண்டும் ரெண்டு ஆறில் போய் உட்கார்ந்தன. இம்மி பிசகவில்லை. அதுவும் போக, உடைந்தது கண்ணாடி வளையல். அதில் நூலே கிடையாது.

அப்படியானால் வளையல் தப்பில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் டீச்சர் வீட்டுக்குப் போய் நான் அந்தக் கையை அமுக்கிப் பார்த்தேனே, அதுதான் தப்பு. அன்றைக்கு அவள் கை ரெண்டு நாலு என்று என் விரல் சொன்னது. மாசமான கை கொஞ்சம் வீங்கும் என்று ஒரு அளவு கூட்டி ரெண்டு ஆறு என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ரெண்டு ஆறே இப்போது போகவில்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு, டீச்சருக்கும் அது தெரியும். நாள் ஆக ஆக விரல் நுனி மரத்துப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன மாதம் கொதிக்கிற பால் சட்டியைத் தொட்டுவிட்டு, சுடுகிறது என்று தெரிந்து கையை எடுக்க நேரமாயிற்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தேவியிடம் கூட.

விரல் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? படிப்பில்லை. கால் முட்டி வலிக்கிறது. சமையலில் தேவி என்னைவிடக் கெட்டிக்காரி. இந்த ஒன்றைத்தான் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோரு கை

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு கையை நான் விடவில்லை.

முதலில் தேவி. "ரெண்டு ஆறு" என்றேன். தன் வளையலைக் கழற்றி அளவுகோலில் மாட்டிப் பார்த்து, "சரிதான் அத்தை, இன்னாத்துக்கு இப்ப?" என்றாள். அப்புறம் மாடி வீட்டு அம்மா, அவள் நாத்தனார், எதிர்வீட்டில் டியூஷனுக்கு வந்த நாலு பெண்கள், காய்கறி வண்டிக்கு நின்றவர்கள். நான் அமுக்கிச் சொல்வேன், தேவி பின்னாலேயே வந்து அவர்கள் வளையலைக் கழற்றிக் கட்டையில் மாட்டிப் பார்ப்பாள்.

கீரைக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "இன்னாம்மா, ரேகை பாக்கிறியா? எனுக்கு நல்ல காலம் எப்போ, சொல்லு."

"உனுக்கு ரெண்டு எட்டு."

"ரெண்டு மாசமா, எட்டு மாசமா?"

"மூடு. வளையல் அளவு."

"அதான பார்த்தேன், நல்ல சேதி உன் வாயில எங்க வரும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதினோரு கை. பதினொன்றும் சரி. தேவி சிரித்துக்கொண்டே, "போதும் அத்தை, ஊரே உங்களை ஒரு மாதிரி பாக்குது" என்றாள். எனக்கும் மூச்சு வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

குடித்து முடிக்கும்போதுதான் அடுத்த பயம் வந்தது. முதல் பயத்தைவிட அது பெரிசு.

என் விரல் சரி என்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் பிரிசில்லா கை ரெண்டு நாலாகத்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கு ரெண்டு ஆறு போகவில்லை. மூன்று வாரத்தில் ஒரு கை இரண்டு அளவு ஏறுமா? வளையல் கடையில் எத்தனை மாசமான பெண்களுக்குப் போட்டிருக்கிறேன், இப்படி ஏறிப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நினைவு வந்தது. பாலிதீன் கவரை மாட்டுவதற்கு அவள் புறங்கையை அழுத்திப் பிடித்தேன் இல்லையா, கையை எடுத்த பிறகும் என் கட்டைவிரல் பள்ளம் அங்கேயே இருந்தது. பிசைந்து வைத்த மைதா மாவில் விரல் வைத்த மாதிரி. அந்த அவமானத்தில், அவசரத்தில், பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"மாசமா இருந்தா எல்லாருக்கும் வீங்கும் அத்தை" என்றாள் தேவி. "எனக்குக் கால் வீங்கலயா?"

"கால் வீங்கிச்சு. கையி வீங்கிச்சா? மோதிரத்தைக் கழட்டுனியா?"

அவள் யோசித்தாள். "இல்ல."

"நான் போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

"போய் இன்னான்னு சொல்லுவீங்க? நேத்து வரைக்கும் நல்லா இருந்த பொண்ணு. வளையல் வேற ஒடைஞ்சிருக்கு. செஞ்சது சின்னதா பூட்சு, அதை மறைக்கப் பொண்ணுக்கு நோவுன்னு கதை கட்டுது கெழவின்னு சொல்ல மாட்டாங்களா?"

சொல்வார்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

டீச்சர் கேட்ட கேள்வி

மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இரண்டு பஸ்ஸை விட்டேன். டீச்சர் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி ஏரிக்கரை வரை நடந்து, மறுபடி வந்தேன். அளவு திரும்ப எடுத்து வேறு வளையல் செய்து தருகிறேன் என்று ஒரு சாக்கு தயார் பண்ணி வைத்திருந்தேன்.

வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கியபடி வண்டிக்குக் காத்திருந்தன. டீச்சர் கதவைத் திறந்து, "வாங்க" என்றார். அந்த வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. முகம்தான் வரவில்லை.

பிரிசில்லா உள்ளறையில் ஸ்க்ரீனை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள்.

"தலைவலி ஆயா. நேத்து ஒரே சத்தம்ல, அதான்."

"கையைக் குடும்மா."

கொடுத்தாள். நேற்று நான் கஷ்டப்பட்டு ஏற்றிய இரண்டு வளையலும் இப்போது மணிக்கட்டில் அழுந்தி, இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. புறங்கையில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். பள்ளம். பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏறி வரவே இல்லை.

"கண்ணு எப்படிம்மா இருக்கு?" எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி என்னைப் பார்த்தது என்னமோ போலிருந்தது.

"மின்மினி மாதிரி என்னமோ பறக்குது ஆயா. அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயப்படுவாங்க."

நான் ஹாலுக்கு வந்து சொல்லிவிட்டேன். தயார் பண்ணின சாக்கெல்லாம் எங்கே போயிற்றோ.

"டீச்சர், பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க."

"அடுத்த வாரம் செக்கப் இருக்கு."

"அடுத்த வாரம் வேணாம். இன்னிக்கு."

"எதுக்கு?"

"மூணு வாரத்துல கையி ரெண்டு அளவு ஏறிகீது. அப்டி ஏறக்கூடாது. கண்ணுல பூச்சி பறக்குதுன்னு வேற சொல்லுது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "எனக்கும் வீங்கிச்சு. உங்களுக்கும் வீங்கியிருக்கும். ராத்திரி தூங்கலன்னா கண்ணு அப்படித்தான் இருக்கும்."

"இது அந்த வீக்கம் இல்ல."

"நீங்க நர்ஸா கன்னியம்மா?"

"இல்ல. வளையல்காரி."

"ஒண்ணு கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வளையல் சரின்னு ஆகறதுக்கு என் பொண்ணு நோயாளி ஆகணுமா?"

முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர். எந்த இடத்தில் கேட்கவேண்டும் என்று தெரியும். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கத்தினேன்.

"என் அளவு தப்பில்ல டீச்சர்! தெருவுல பதினோரு கையைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் வந்துகீறேன். அங்க போய் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா, இனிமே எந்தப் பொண்ணு கையையும் தொடமாட்டேன். இத்தோட விட்டுடறேன். போதுமா?"

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு பிரிசில்லா வந்து நின்றாள்.

"அம்மா, போய்ட்டு வந்துடலாம்மா. ஆயா கத்தறது என் தலைக்குள்ள இடிக்குது."

வெட்டினேன்

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். வேகத்தடை வரும்போதெல்லாம் டீச்சர் ஒரு கையால் மகள் வயிற்றை அணைத்துக்கொண்டார். எனக்கு ஒரே எண்ணம்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு வெளியே வருவேன்?

நர்ஸ் கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு கையில் சுற்றினாள். அப்புறம் எதுவும் சொல்லாமல் எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் புறங்கையை அழுத்திப் பார்த்தார். நான் அழுத்திய அதே இடம்.

"பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. இப்பவே அட்மிட் பண்ணணும். அம்மா, குழந்தை ரெண்டு பேருக்குமே இது ஆபத்து" என்றார். "எப்படி இன்னிக்கே வரணும்னு தோணிச்சு?"

டீச்சர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் என் மனசில் என்ன வந்தது என்று மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சந்தோஷம் வந்தது. என் விரல் சரி, என் அளவு சரி என்று நெஞ்சுக்குள் ஒரு குதி குதித்தது. அந்தப் பெண் கட்டிலில் கிடக்கிறாள், வயிற்றில் ஒரு உயிர் இருக்கிறது, எனக்குச் சந்தோஷம். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். ஆனால் வந்தது.

"வளையலைக் கழட்டுங்க. கை இன்னும் வீங்கும், அப்புறம் ரத்தம் ஓடாது" என்றாள் நர்ஸ்.

"பிரசவம் வரைக்கும் கழட்டக்..." என்று ஆரம்பித்த டீச்சர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

கழற்ற முடிகிற நிலையில் அது இல்லை. நர்ஸ் கொண்டு வந்த கத்தரி நூலைத்தான் கிழித்தது, உள்ளே இருக்கிற வளையத்தில் வழுக்கியது. என் பையில் மணிச்சரம் நறுக்குகிற சின்ன கட்டிங் பிளேயர் எப்போதும் கிடக்கும். "நான் வெட்டறேன்" என்றேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்கள்.

தோலுக்கும் வளையலுக்கும் நடுவில் இடமே இல்லை. கொஞ்சம் பஞ்சை நுழைத்து, அதன்மேல் பிளேயர் முனையை வைத்தேன். முனை ஒரு இடத்தில் நிற்கவில்லை. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ஆட்டம் நின்றது. முதலில் நூல் பிரிந்தது, அப்புறம் பிளாஸ்டிக் பட்டென்று விட்டது. இரண்டாவதும் விட்டது. அவள் மணிக்கட்டில் சிவப்பாக இரண்டு கோடு, நூல் சுற்றின வரி வரியாக அதில் பதிந்திருந்தது.

"அழாதீங்க ஆயா, வேற செஞ்சுக்கலாம்" என்றாள் பிரிசில்லா.

"யாரும்மா அழறா?" என்றேன்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளி பெஞ்சில் டீச்சரும் நானும். அவர் சொன்னார்: "உங்க அளவு சரிதான் கன்னியம்மா."

முந்தின நாளிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அலைந்தேன். வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"தப்பாவே இருந்திருக்கலாம் டீச்சர்" என்றேன்.

எட்டு நாள்

எட்டு நாள் அவளை அப்படியே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். வயிற்றுக்குள் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் லாபம் என்றார்களாம். அந்த எட்டு நாளும் நான் சுற்றின வளையல் ஒன்றுகூட உருப்படவில்லை. இழை முறுக்கிக்கொள்ளும். அவிழ்ப்பேன், சுற்றுவேன், திரும்ப முறுக்கும். டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்து தேவி எடுத்துப் பேசினால், அவள் முகத்தைப் பார்க்காமல் பசை டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்பதாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இன்று எடை ஏறியதா, பால் இறங்கியதா என்று மாதம் முழுக்க அதே கேள்வி. தாய்க்கு வீக்கம் வடிந்துவிட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று தேவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று சுற்றின நூல் முறுக்கவில்லை.

ஒரு வார்த்தை

அதற்கும் சில மாதம் கழித்து, தாயும் பிள்ளையும் பிழைத்ததற்கு நன்றி சொல்ல டீச்சர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். கண்டிப்பாக வரவேண்டும் என்று டீச்சரே முடிச்சூர் வரை வந்து கூப்பிட்டார். நான் வெள்ளிக்கிழமைக்கு அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அங்கே என்ன செய்வார்கள், எப்போது எழுந்திருக்கவேண்டும் ஒன்றும் தெரியாது. தேவியோடு கதவோரம் உட்கார்ந்துகொண்டேன்.

அதே ஹால். அன்றைக்குச் சிரித்த அதே பெண்கள். டீச்சர் எழுந்து, நடந்ததை எல்லாம் சொன்னார். கர்த்தர் ஒரு வளையல்காரம்மா கையை அனுப்பி வைத்தார் என்றார். என் பெண்ணுக்காக இந்த அம்மா துடித்துக்கொண்டு ஓடி வந்தார் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கன்னியம்மா, நடந்ததை நீங்களும் ஒரு வார்த்தை சாட்சியா சொல்லுங்க."

தேவி என் இடுப்பில் இடித்தாள். எழுந்தேன். நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பிரிசில்லா மடியில் அந்தக் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நான் இந்தப் பொண்ணுக்காக வரல" என்றேன்.

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"என் அளவு தப்பில்லன்னு காட்டத்தான் வந்தேன். நோவுதான்னு டாக்டரம்மா சொன்னதும் எனக்கு மொதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. பயம் அப்புறந்தான் வந்துச்சு. டீச்சர் என்னைப் பத்தி வேற மாதிரி சொல்லிகினு இருக்காங்க. அதைக் கேட்டுகினு இந்த வூட்டுல ஒரு வாய் காப்பி குடிக்க என்னால முடியல."

தேவி தலையில் கை வைத்துக்கொண்டாள். டீச்சர் பக்கம் நான் பார்க்கவில்லை.

பின்வரிசையில் ஒரு வயசான அம்மா, ஒருத்தர் பேசி முடித்தால் சொல்லவேண்டியது அதுதான் என்ற பழக்கத்தில், "ஆமென்!" என்று ஓங்கிச் சொன்னாள்.

பிரிசில்லாதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடியில் குழந்தை குலுங்கியது. அப்புறம் ஒவ்வொருத்தராக, ஹாலே சிரித்தது. நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல்.

டீச்சர் எழுந்து வந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். உள்ளே போய், அவரே ஒரு டம்ளர் காப்பி கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். சர்க்கரை போடாத காப்பி.

"சொல்லிட்டீங்கல்ல" என்றார். "இப்ப குடிங்க."